பாப்பாவுக்குக் கிரகணம் வந்தது தெரியுமா?

தட்டில் மூன்று தோசை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். உங்கள் வீட்டிலும் இருக்கும். மூன்று விழுந்து, நாலாவது வார்க்க மாவும் இல்லையென்றால், ஒன்றில் ஓரமாகக் கொஞ்சம் கிள்ளித் தனியாக வைத்து, "இந்தா, நாலு" என்று சொல்லிவிடுவோம். என் மாமியார் அப்படித்தான் செய்தார். நானும் நாற்பது வருஷமாக அப்படியே செய்கிறேன். யாரும் எதுவும் கேட்டதில்லை. பேத்தி கேட்டாள்.

"அப்பத்தா, கிள்ளினா நாலு ஆயிடுமா? அப்போ ஒரே தோசையை நாலாக் கிள்ளி வெச்சுட்டு, நாலு தோசை சாப்பிட்டேன்னு சொல்லலாமா?"

கையில் கரண்டி, அடுப்பில் அடுத்த தோசை. இந்தக் கேள்விகளெல்லாம் ஏன்தான் பால் பொங்குகிற நேரமாகப் பார்த்து வருகின்றனவோ! "வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்று சொல்ல வாயெடுத்தேன். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று அதற்கொரு கேள்வி வரும் என்பதால் சிரித்துவிட்டேன்.

இது 2019-ஆம் வருஷத்துக் கதை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. எங்கள் ஊர் திண்டுக்கல். பெரியவர்கள் பேசுவதில் இருக்கிற கணக்குப் பிழைகளைக் கண்டுபிடிப்பதுதான் அந்த வருஷம் முழுக்க அவளுக்கு வேலை. அரிசி டப்பா காலியானால் "இல்லை" என்று சொல்ல மாட்டோம், "நிறைஞ்சிருக்கு" என்போம் இல்லையா? ஒரு நாள் கணக்குப் பரிட்சை முடிந்து வந்தவளிடம் மார்க்கைக் கேட்டேன். "நிறைஞ்சிருக்கு அப்பத்தா" என்றாள். நான் பூரித்துப் போய் உச்சி முகர்ந்தேன். பேப்பரைப் பார்த்த பிறகுதான் அவள் அரிசி டப்பாக் கணக்கில் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது.

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். "இப்படிக் குதர்க்கமாக் கேக்காதே, பாடத்தைப் படி" என்பார். எனக்கு மட்டும் மனசு கேட்காது. காரணம் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்பு படிக்கிறபோது, மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ் எப்படி வரும் என்று எழுந்து நின்று கேட்டேன். "போட்ட விதியைப் போட்டுட்டுப் போயேன், நீ என்ன கலெக்டர் ஆகப் போறியா?" என்றார் எங்கள் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் நான் எழுந்து கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் இவரிடம் கேட்டுப் பார்த்தேன். கணக்கு வாத்தியாராயிற்றே! "அது விதி" என்றார். என் தலைவிதி என்று விட்டுவிட்டேன்.

விடை பால் கணக்கில் கிடைத்தது. பால்காரருக்குத் தினம் 50 ரூபாய். நம் கையை விட்டுப் போகிற பணம், அது ஒரு மைனஸ். ஊருக்குப் போகிறோம், மூன்று நாள் பால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். கணக்கிலிருந்து மூன்று நாளை எடுத்தாயிற்று, அது இன்னொரு மைனஸ். மாசக் கடைசியில் பார்த்தால் 150 ரூபாய் மிச்சம். ப்ளஸ்தானே! பேத்தி அதே கேள்வியோடு என்னிடம் வந்தபோது பால் கார்டை எடுத்து வைத்து இதைச் சொன்னேன். அவளுக்கு இரண்டு நிமிஷத்தில் புரிந்தது. கேட்டுக்கொண்டிருந்த வாத்தியார், "பரவாயில்லையே" என்றார். அந்தப் 'பரவாயில்லை'க்கு நான் நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது!

பிறகு இவரே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். 628-ஆம் வருஷத்திலேயே பிரம்மகுப்தர் என்ற நம் தேசத்துக் கணித மேதை, கடனும் கடனும் பெருக்கினால் செல்வம் என்று எழுதி வைத்திருக்கிறாராம். அவர் வீட்டிலும் பால் கணக்குப் பார்த்த மகராசி ஒருத்தி இருந்திருப்பாள் என்பது என் அபிப்பிராயம். பூஜ்யத்துக்கும் அவர்தான் விதிகள் வகுத்தார். ஆனால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றார். இன்றைய கணக்கில் அது செல்லாது. அப்படி வகுப்பதற்கு அர்த்தமே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

இது ஏன் என்று விளக்க இவர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அப்போது வந்திருந்த எங்கள் சம்பந்தியம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். "பூஜ்யம் லட்டு, பூஜ்யம் பேர், ஆளுக்கு எத்தனை?" என்று பேத்தி கேட்டதற்கு, "லட்டும் இல்லே, ஆளும் வரலே, அப்புறம் என்னத்துக்குடி பந்தி?" என்றார். சரியான விடை!

சம்பந்தியம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மகளின் மாமியார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் பத்து மூட்டை நெல்லை மரக்காலால் அளந்து, முதல் மரக்காலை "லாபம்" என்று ஆரம்பித்து, ஒரு எண் தப்பாமல் எண்ணி முடிப்பார். நம்பிக்கைகளில் கெட்டி. மொய்யில் நூற்றோடு ஏன் ஒரு ரூபாய் சேர்த்து எழுதுகிறோம் என்று பேத்தி கேட்டாள். "பூஜ்யத்துல முடிச்சா உறவு முடிஞ்ச மாதிரி. ஒண்ணு போட்டா தொடரும்" என்றார். "அப்போ 99 எழுதினா?" "அதுக்கு மொய் எழுதாமலே வந்துடலாம்."

அந்த டிசம்பரில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மகளுக்கு ஏழாவது மாசம். வளைகாப்பு முடிந்து எங்களிடம் வந்திருந்தாள். இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாக உண்டான பிள்ளை. போதாததற்குக் கர்ப்ப காலச் சர்க்கரை. தினமும் காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் சூரிய கிரகணம். அதுவும் எங்கள் ஊரிலேயே வளையமாகத் தெரியப் போகிற கிரகணம். மருமகளைத் தன் கண்பார்வையில் வைத்துக் காப்பாற்ற வேண்டுமென்று முதல் நாளே பஸ் ஏறி வந்துவிட்டார். இடுப்பில் சுருக்குப் பை, கையில் ஒரு கட்டுத் தர்ப்பை.

அன்று ராத்திரி வீட்டில் ஒரு போட்டி நடந்தது. அரைப் பரிட்சை லீவு, பேத்தி எங்கிருந்தோ ஒரு புதிர் பிடித்து வந்திருந்தாள். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். மூன்று டம்ளரைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் ஒரு கமர்கட்டை ஒளித்து வைக்க வேண்டும். ஆடுபவர் ஒரு டம்ளரைத் தொடுவார். எதில் இருக்கிறதென்று வைத்தவருக்குத் தெரியும். அவர் மீதி இரண்டில் காலியாக உள்ள ஒன்றைத் தூக்கிக் காட்டுவார். இப்போது தொட்ட டம்ளரிலேயே நிற்பது நல்லதா, மற்றதற்கு மாறுவது நல்லதா?

"இரண்டு டம்ளர் இருக்கு. பாதிக்குப் பாதி. மாறினா என்ன, மாறாட்டி என்ன?" என்றார் வாத்தியார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பேத்தி, "மாறணும் தாத்தா" என்றாள். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவரிடமா!

இதே கோபம் அமெரிக்காவில் ஒரு பெண்மணி மேல் பாய்ந்திருக்கிறது. மர்லின் வாஸ் சவந்த் என்று பெயர். மிக உயர்ந்த அறிவுத்திறன் கொண்டவர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றவர். 'பரேடு' என்ற வாரப் பத்திரிகையில் கேள்வி-பதில் பகுதி எழுதி வந்தார். 1990-இல் ஒரு வாசகர் இந்தக் கேள்வியைக் கேட்டார். அங்கே டம்ளருக்குப் பதில் மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் கார், மற்றவற்றின் பின்னால் ஆடு. மாறுவதுதான் நல்லது என்று அவர் பதில் எழுதினார். சுமார் 10,000 கடிதங்கள் குவிந்தன. அதில் ஏறக்குறைய ஆயிரம், டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் எழுதியவை. பெரும்பாலானவர்கள் அவர் சொன்னது தப்பு என்றே எழுதினார்கள். அந்தம்மா சளைக்கவில்லை. சண்டை வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டுச் செய்து பாருங்கள் என்றார். செய்து பார்த்தார்கள். அவர் சொன்னதுதான் சரி.

நாங்களும் செய்து பார்த்தோம். பேத்தி வைக்க, சம்பந்தியம்மா ஆட, நான் காலண்டர் பின்பக்கத்தில் கோடு போட்டேன். மாறிய இருபது தடவையில் பதின்மூன்று முறை கமர்கட் கிடைத்தது. மாறாத இருபதில் ஆறே முறை. காரணத்தைச் சம்பந்தியம்மாவே சொன்னார்: "நான் தொட்டது மூணுல ஒண்ணு. மிச்சம் ரெண்டையும் சேர்த்தா ரெண்டு பங்கு அதிர்ஷ்டம் அங்கேதானே? அதுல காலியை இவளே எடுத்துக் காட்டிட்டா. அப்போ அந்த ரெண்டு பங்கும் மீதி இருக்கிற டம்ளருக்குத்தானே போகும்?" வாத்தியார் கோடுகளை இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். பால் எர்டிஷ் என்ற ஹங்கேரிய கணித மேதைகூட, கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுகிற வரை இதை ஒப்புக்கொள்ளவில்லையாம். இவருக்கு அது பெரிய ஆறுதல்.

மறுநாள் காலைதான் வீட்டில் சிரிப்பு நின்றது.

கிரகணம் எட்டு மணி சுமாருக்குப் பிடித்து, பதினோரு மணிக்கு மேல் விடும். சூரிய கிரகணத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்தே சாப்பிடக் கூடாது என்பது சம்பந்தியம்மாவின் கணக்கு. அதாவது ராத்திரி எட்டிலிருந்து பட்டினி. மகள் காலையில் இன்சுலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். ஊசி போட்டுச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வேர்த்து, நடுங்கி, மயக்கம் வரும். போடாமலே விட்டால் ஏறிப் போகும். டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"நாலு மணி நேரம் தாங்க மாட்டாளா? ரெண்டு பிள்ளையைத் தொலைச்சுட்டு நிக்கிறோம் சம்பந்தி" என்றார் சம்பந்தியம்மா. குரல் கம்மியது. அவருக்குப் பிடிவாதமில்லை, பயம். எனக்கும் அதே பயம்தான், ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து.

இவர் எலுமிச்சம்பழத்தையும் ஆரஞ்சையும் எடுத்துக்கொண்டு வந்து விளக்க ஆரம்பித்தார். சந்திரனைவிடச் சூரியன் குறுக்களவில் சுமார் 400 மடங்கு பெரிசு, தூரத்திலும் சுமார் 400 மடங்கு, அதனால்தான் ஒன்றை ஒன்று மறைக்கிற மாதிரி தெரிகிறது, வெறும் நிழல்தான் என்றார். அத்தனையும் உண்மை. ஆனால் பயந்து போயிருக்கிறவரிடம் ஆரஞ்சைக் காட்டி என்ன பிரயோஜனம்? "நேத்து டம்ளர்லயே தோத்தீங்க, இன்னிக்குச் சூரியன்ல ஜெயிச்சிருவீங்களா?" என்று கேட்டுவிட்டார். இவர் ஆரஞ்சை உரித்துத் தானே தின்றார்.

அப்போது பல் விளக்கிக்கொண்டே வந்தாள் பேத்தி. நுரை வழிகிற வாயோடு கேட்டாள்:

"பாட்டி, பாப்பா வயித்துக்குள்ளே இருட்டுலதானே இருக்கு? கிரகணம் வந்ததுன்னு அதுக்கு யாரு சொல்லுவா?"

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. சம்பந்தியம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன். சிரிக்கிறார்! "உங்க தாத்தா வாட்ஸ்அப்புல அனுப்பி வைப்பாரு" என்றார். மகளும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, "பசி மட்டும் அதுக்கு யாரும் சொல்லாமலே தெரியும் அத்தே" என்றாள்.

சம்பந்தியம்மா எழுந்தார். தர்ப்பைக் கட்டைப் பிரித்தார். "பாலுக்குப் போடுறோம், ஊறுகாய்க்குப் போடுறோம். பிள்ளைக்குப் போட்டா வேலை செய்யாதா?" என்று சொல்லி, இட்லித் தட்டில் ஒன்று, சாம்பாரில் ஒன்று, மருமகளின் இடுப்பில் ஒன்று என்று செருகினார். "நோயாளிக்கும் சின்னப் பிள்ளைக்கும் விலக்கு உண்டுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. இவ வயித்துல ரெண்டுமே இருக்கு. சாப்பிடு தாயி."

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டில் காலை ஆகாரம் மூன்று இட்லி. மூன்று வைக்கலாமா? சம்பந்தியம்மா ஒன்றின் ஓரத்தைக் கிள்ளித் தனியாக வைத்தார். டாக்டர் கணக்கில் மூன்று, அவர் கணக்கில் நாலு. பேத்தி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

கத்தி எடுத்தால் குழந்தைக்கு உதடு பிளந்து பிறக்கும் என்று அவருக்கு இன்னொரு பயம். உதடு உருவாவது கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதத்துக்குள். ஏழாம் மாசத்தில் அது எப்போதோ முடிந்த வேலை. இதைச் சொன்னதும், "சரி, ஆனாலும் இன்னிக்குக் காய் நீங்களே நறுக்குங்க" என்று என்னிடம் தள்ளிவிட்டார். மகளுக்கு ஓய்வு. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

காய் நறுக்கும்போது என் வாயிலிருந்தும் ஒரு பழைய ரகசியம் வந்துவிட்டது. 1980 பிப்ரவரி 16-ஆம் தேதியும் பெரிய சூரிய கிரகணம். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை. பேத்தியின் அப்பா அப்போது என் வயிற்றில். என் மாமியார் ஜன்னலில் போர்வை கட்டி உள்ளே உட்கார வைத்துவிட்டார். தண்ணீர்கூடக் கிடையாது. பசி தாங்காமல் பரணில் இருந்த டப்பாவைத் தடவி எடுத்து, இருட்டில் இரண்டு கடலை உருண்டை தின்றேன். கடிக்கிற சத்தம் கேட்காமலிருக்க ஊறவைத்து ஊறவைத்துத் தின்றேன். முப்பத்தொன்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளை பிறந்து கை கால் எண்ணிப் பார்க்கிற வரை எனக்கு உயிரில்லை.

சம்பந்தியம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதான் உங்க மகன் இன்னிக்கும் கடலை உருண்டைன்னா உசிரை விடுறாரா!"

ஒன்பதரை மணி சுமாருக்கு வளையம் வரும் என்றார்கள். வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. விழித்திரை பொசுங்கினால் வலி தெரியாது, பார்வை போன பிறகுதான் தெரியும். கிரகணத்தில் நிஜமாகவே பயப்பட வேண்டியது இதற்குத்தான். எக்ஸ்ரே ஃபிலிம், கறுப்புக் கண்ணாடியெல்லாம் காவல் ஆகாது. நாங்கள் சமையலறை ஜல்லிக்கரண்டியை எடுத்துக்கொண்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றோம். கரண்டியைத் தலைக்கு மேல் பிடித்தால், ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சூரியன் தரையில் விழுகிறது! முதலில் எல்லாம் பிறைகள். மெல்ல மெல்ல முனைகள் கூடி, சிமென்டுத் தரை முழுக்கக் குட்டிக் குட்டி வளையங்கள். சந்திரன் அன்று பூமியிலிருந்து சற்றுத் தள்ளி இருந்ததால் சூரியனை முழுக்க மூட முடியாமல் ஓரம் மிஞ்சியது, அதுதான் வளையம். சம்பந்தியம்மா கையை நீட்டினார். சுருக்கம் விழுந்த உள்ளங்கையில் ஏழெட்டு மோதிரங்கள். "இது தங்கத்துல கிடைக்குமா?" என்று அவர் கேட்டதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

கோயில் நடையெல்லாம் சாத்தியிருக்கிறதே, சாமிக்கும் பயமா என்று பேத்தி கேட்டாள். "காளஹஸ்தியிலே சாத்த மாட்டாங்க, அந்தச் சாமிக்குத் தைரியம் ஜாஸ்தி" என்று உடனே பதில் வந்தது.

கிரகணம் விட்டதா என்று பார்க்கத் தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்தி வைப்பார்களே, அதையும் சம்பந்தியம்மா செய்தார். உலக்கை நின்றது. பேத்தி வாயைப் பிளந்தாள். வாத்தியாருக்கு முந்தின நாள் தோல்வி இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை, கிரகணமும் இல்லை, ஒன்றும் இல்லை, அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை நிறுத்திவிட்டு எல்லோரையும் கூப்பிட்டார். அடிப்பாகம் சமமாக இருந்தால் எந்த நாளும் நிற்கும், பொறுமைதான் வேண்டும் என்றார்.

சம்பந்தியம்மா உலக்கையைச் சுற்றி வந்தார். "நேத்து கிரகணத்தோட மிச்சம்" என்றார்.

இவர் வாயடைத்து நின்றார். ஊருக்குக் கிளம்புகிறபோது சம்பந்தியம்மாவே என் காதோரம், "நிக்கும்னு எனக்கும் தெரியும் சம்பந்தி. வாத்தியாரை ஒரு வழி பண்ணலாம்னுதான்" என்றார்.

2020 மார்ச்சில், ஊரடங்குக்குச் சில நாள் முன்னால், பேரன் பிறந்தான். உதடு, கை, கால் எல்லாம் கணக்குப்படி சரியாக இருந்தன. தென் தமிழ்நாட்டில் வளையம் தெரிகிற அடுத்த கிரகணம் 2031 மே 21-இல். ஜல்லிக்கரண்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பேரனுக்கு ஐந்து வயதானபோது ஒரு நாள் உச்சிவேளையில் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். போவதற்குள் நடை சாத்திவிட்டார்கள். சாமி தூங்கப் போயிருக்கு, வாசலிலிருந்தே கும்பிடு என்றேன். கும்பிட்டான். திரும்பி வரும் வழியில் கேட்டான்: "அம்மாச்சி, சாமி தூங்கும்போது கும்பிட்டா அது மிஸ்டு காலா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன்.

"ஆமாடா கண்ணு" என்றார். "எந்திரிச்சதும் திருப்பிக் கூப்பிடும்."